நீ வெட்டி எடுத்த வாக்கியம்

சாமு,

நீ சென்னைக்குக் கிளம்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. உன் சட்டைகளையெல்லாம் அப்பா இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். நானும் இந்நேரம் பருப்புப் பொடி திரித்து, ஊறுகாயைப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். அது நடந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டான். எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. நேரில் பேசலாம் என்றால், நீயும் நானும் பேச்சைத் தொடங்குகிறோம், இரண்டு வார்த்தைக்குள் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒருவன் மட்டும் படித்தால் போதாது என்றும் நினைக்கிறேன். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

பாத்திமாவை நம் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நீதான். அப்போது நீ விளாங்குடியில் தையல் கடை, வடைக்கடை, செருப்புக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். படித்த படிப்புக்கு இதுவா வேலை என்று நான் கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறது. "பெரிய கடைக்காரன் விளம்பரத்துக்கு ஆள் வச்சிருப்பாம்மா. சின்னக் கடைக்காரனுக்கு வாங்குனவங்க வாய்தான் விளம்பரம். அந்த வாயத்தான் நான் போனுக்குள்ள கொண்டாரேன்" என்றாய். நல்ல பதிலாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. பாத்திமா டவுனுக்குள் இருப்பவள். கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சத்துமாவு திரித்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழுவி, காயவைத்து, வறுத்து அரைப்பாள். நான் அவள் வீட்டுக்கே போய் வறுக்கும் இடத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் சுத்தம் சுத்தம் என்று கத்தியவளுக்கே அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. உன் அக்கா மகளுக்கு இரண்டு மாதம் அந்த மாவில் கஞ்சி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான், வீடியோவில் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நம் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தாய். நீலக் காட்டன் சேலையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாய், நர்ஸ் மாதிரித் தெரிய வேண்டுமாம். நான் நாலு நிமிடம் பேசினேன். ஆரம்பத்தில் தடுமாறினேன், பிறகு வார்டில் புதுத் தாய்மாரிடம் பேசுவது போல வந்துவிட்டது. "மருந்தெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வளர்ற பிள்ளைக்கு மொத மருந்து சாப்பாடுதான். முப்பது வருசம் பிள்ளைக வார்டுல நின்னவ சொல்றேன்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "ஆனா டாக்டர் எழுதிக் குடுத்த மருந்த ஒரு வேளைகூட நீங்களா நிறுத்திராதீங்க. இது சாப்பாடு, மருந்து இல்ல. ஆறு மாசம் முடியாத பிள்ளைக்கு இத குடுக்காதீங்க" என்றும் சொன்னேன். சொல்லும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது கூட எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நீ அதை அரை நிமிடமாக்கிக் காட்டினாய். விரலை ஆட்டிச் சொன்ன பகுதி இல்லை. பின்னால் மெல்லிய இசை, கீழே பெரிய எழுத்தில் என் வார்த்தைகள். "சாப்பாடுதான்" என்று நான் சொன்ன இடத்தில் பாத்திமாவின் மாவுப் பொட்டலம் வந்து நின்றது. மிச்சம் எங்கே என்று கேட்டேன். "ஆனான்னு ஒரு வார்த்தை வந்தாலே தள்ளிட்டுப் போயிருவாங்கம்மா. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். சாமு, இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த நிமிடமே உறுத்தியது. இதைச் சேர்த்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ இன்னொரு தடவை ஓடவிட்டாய். திரையில் நான் நன்றாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. உறுத்தல் அடங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். வெட்டியது உன் கைதான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான். இந்தக் கடிதத்தில் உன்னைக் குறை சொல்லும் இடமெல்லாம் என் பெயரையும் சேர்த்தே படித்துக்கொள்.

அப்புறம் நீ ஒரு ஏற்பாடு செய்தாய். வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அடையாளம் காட்டினால் ஒரு பொட்டலம் இலவசம். அது பற்றிக்கொண்டது. சர்ச் பெண்கள் குரூப்பில் வந்தது, தெரு குரூப்பில் வந்தது, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப்பில் வந்தது. திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போனால் யாராவது ஒரு பெண் என்னை உற்றுப் பார்ப்பாள், இறங்கும்போது "அந்த மாவு நர்ஸம்மா நீங்கதான?" என்பாள். ஆமாம் என்பேன். சந்தோஷமாக இருக்கும். பாத்திமா வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். படிப்பை நிறுத்தியிருந்த தன் பெரிய மகளைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்பினாள். ஒருநாள் இனிப்போடு வந்து, "அக்கா, ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்கும் தம்பிக்கும் துஆ செய்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் உறுதியாக நம்பினேன். அதில் பாதி உண்மையும்கூட. அதனால்தான் பிறகு நடந்ததை ஜீரணிக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ எட்டாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஓவியப் போட்டியில் மூன்றாவது பரிசு வாங்கினாய். அந்த வாரம் நம் வீட்டுக்கு என் சித்தி குடும்பத்தார் வந்திருந்தார்கள். நான் அவர்களிடம் பரிசு வாங்கினான் என்று சொன்னேன், எத்தனையாவது என்று சொல்லவில்லை. அவர்கள் முதல் பரிசு என்று எடுத்துக்கொண்டு உன்னைக் கொண்டாடினார்கள். நான் திருத்தவில்லை. அவர்கள் போனதும் நீ வந்து, ஏம்மா சொல்லல என்று கேட்டாய். "கேக்குறவங்க சந்தோசமா கேட்டுட்டுப் போகட்டுமேப்பா, பொய்யா சொன்னோம்?" என்று உன் தலையைக் கோதிவிட்டேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு விளையாடப் போனாய். இந்த ஆறு வாரத்தில் அந்தப் பிற்பகலை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று தெரியாது. பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் அது பொய்யில்லை என்று உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரோஸி போன் செய்தாள். ரோஸியை உனக்குத் தெரியும், என்னிடம் வேலை பழகியவள், இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருக்கிறாள். வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிறவள் அன்றைக்குக் குரலைத் தணித்துக்கொண்டு, "சிஸ்டர், கொஞ்சம் கிளம்பி வார முடியுமா? இங்க ஒரு அம்மா ஒரு வீடியோவக் காட்டுது. அதுல நீங்கதான் பேசுறீங்க" என்றாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, நேரில் வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். யாரோ என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் போல என்றுதான் சாமு நான் நினைத்தேன். தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். இதை எழுதக் கூசுகிறது.

வார்டுக்குள் நுழைந்து பார்த்தவுடனே விஷயம் வேறு என்று தெரிந்துவிட்டது. நாலு வயசுப் பையன். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் குளுக்கோஸ் ஊசி, கண் பாதி திறந்தபடி எதையும் பார்க்காமல் இருந்தது. வலிப்பு வந்து முக்கால் மணி நேரம் நிற்கவே இல்லையாம். பக்கத்தில் அவன் தாய், பெயர் செல்வி. பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பையன் பெயர் கவின். இரண்டு வருடமாக வலிப்புக்கு மருந்து சாப்பிட்டு வந்தவனுக்கு, ஒரு வருடமாக வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, செல்வி போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். நான் போய் நின்றதும் எனக்கும் அதைப் போட்டுக் காட்டினாள். வார்டு அமைதியாக இருந்தது. என் குரல் கணீரென்று வந்தது. "மருந்தெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்."

சாமு, நான் எத்தனையோ பிள்ளைகளை அந்த நிலைமையில் பார்த்தவள். கையிலேயே போன பிள்ளைகளும் உண்டு. அப்போதெல்லாம் கால் உறுதியாக நிற்கும், கை அது பாட்டுக்கு வேலை செய்யும். அன்றைக்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், ரோஸி வந்து என்னைத் தாங்கினாள். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான், நானே கேட்டு ரசித்த வார்த்தைதான். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று கேட்டபோது, அது ஒரு நர்ஸ் ஒரு தாயிடம், உன் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடு என்று சொல்வதாக இருந்தது. வேறு எந்த அர்த்தமும் அதற்கு இல்லை. இத்தனை நாள் எனக்கு அது எப்படிக் கேட்காமல் போனது என்று தெரியவில்லை. நான் செல்வியிடம், நான் அப்படிச் சொல்லவில்லை, அதற்கு அப்புறமும் சொன்னேன், அதை வெட்டிவிட்டார்கள் என்று என்னவோ உளறினேன். அவள் என்னைத் திட்டவில்லை. கூச்சல் போடவில்லை. "அந்த மருந்து குடிச்சா எம்புள்ள தூங்கித் தூங்கி விழுவான் அக்கா. எத்தன தடவ டாக்டர்கிட்ட கேட்டாலும் நிறுத்தாத நிறுத்தாதன்னுதான் சொல்வாங்க. நாங்க டாக்டர நம்பல. ஒங்கள நம்புனோம்" என்றாள். பிறகு பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது உன் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், அதனால் பிறகு நீ பேசியதை உன் மேல் ஏற்றிவைக்க மாட்டேன். ஆனாலும் நீ பேசியது இதுதான்: வலிப்புக்கு நல்லது என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை, விசாரித்தால் தெரியும் என்றாய். விசாரித்தாய், தெரியவும் செய்தது. செல்வியின் நாத்தனார் இலவசப் பொட்டலத்துக்காகப் பத்துப் பேருக்கு அனுப்பியவள். செல்விக்கு அனுப்பும்போது மட்டும், இதைச் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கு வலிப்பே நின்றுவிட்டதாம் என்று தன் குரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். யாரோ அவளுக்குச் சொன்னது, அவர்களுக்கு இன்னும் யாரோ சொன்னது. நீ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாய். "பாத்தியாம்மா, அது நாம சொன்னது இல்ல" என்றாய். நான், "நாம சொல்ல வேண்டியதச் சொல்லலையேப்பா" என்றேன். நீ எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். அப்பா, அவன் பயந்துபோயிருக்கான், விடு என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த நாத்தனாரை நினைத்தால்கூடக் கோபம் வரவில்லை. அவளும் ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் அனுப்பியிருப்பாள்.

மறுநாள் காலை நான் பாத்திமா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு முந்தின நாளே நீ போனில் பாதி விஷயத்தைச் சொல்லியிருந்தாய், ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று. அதைக் கேட்டு அவள் என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? தன் மாவில்தான் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் போகும்போது அரைத்து வைத்திருந்த மாவு மொத்தத்தையும் வெள்ளைத் துணியில் கொட்டி, அவளும் இரண்டு பெண்களும் குனிந்து விரலால் பரத்திப் பரத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக்கூட இல்லை. "எம்பொடியில என்னக்கா இருந்துச்சு? சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்" என்றாள். பொடியில் ஒன்றும் இல்லை, என் பேச்சில்தான் தப்பு, பேச வேண்டிய மீதியை எடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. என் முழுப் பேச்சை அவள் கேட்டதே இல்லை. புரிந்ததும் துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னையும் உன்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னும் எத்தன வீட்டுலக்கா இப்டி?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அன்றைக்கே நீ பாத்திமாவின் பேஜிலிருந்து வீடியோவை நீக்கிவிட்டாய். நீக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு நீ சாப்பிட உட்கார்ந்தபோது, சர்ச் குரூப்பில் ஒரு தங்கச்சி எனக்கே அதை அனுப்பியிருந்தாள், "எங்க சிஸ்டர் சொன்ன நல்ல செய்தி, எல்லாரும் பகிருங்கள்" என்று. உன்னிடம் காட்டினேன். நீ சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். நாம் நீக்கியது அந்தப் பேஜில் இருந்ததை மட்டும்தான். ஊரார் போனில் இருப்பதை நீக்க யாராலும் முடியாது. பிறகு வெட்டாத முழு வீடியோவைப் போட்டோம். மன்னிப்புக் கேட்டு இன்னொன்றும் பேசினேன். அரை நிமிடத்தை ஊரே பார்த்தது. இந்த நாலு நிமிடத்தை நம் சொந்தக்காரர்களும், பாத்திமாவின் தெருக்காரர்களும் பார்த்தார்கள். நீ சொன்னது சரிதான், ஆனா என்று வந்தால் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதை அப்படி ஒரு நாளில் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

போன் போடுவது என்று முடிவெடுத்தது பாத்திமாதான். இதுவரை யார் யாருக்குப் பொட்டலம் அனுப்பினோமோ அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராகப் பேசுவது, முடிகிற வரைக்கும் வியாபாரம் கிடையாது. நீ வேண்டாம் என்றாய். பயந்துபோய் ஒருவரும் திரும்ப வாங்க மாட்டார்கள், இவ்வளவு கஷ்டப்பட்டது மொத்தமும் போய்விடும் என்றாய். அவள் அதற்கு, "போனாப் போகுது தம்பி, மறுபடி மொதல்ல இருந்து வறுப்போம்" என்றாள். மூன்று பேரும் அவள் வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் நாள் நீ வேண்டாவெறுப்பாகத்தான் பேசினாய். இரண்டாம் நாள் மதியம் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு இளம் தகப்பன் உன்னிடம் பேசினான். நீ எழுதி வைத்ததைப் படித்துச் சொல்லிக்கொண்டே போனாய், ஆறு மாதம் முடியாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றாய். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ மட்டும், "எத்தன மாசம் அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாய். மூன்றே மாதக் குழந்தை. தாய்ப்பாலைக் குறைத்துவிட்டு இதைக் கரைத்துப் புட்டியில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லையாம். நீ போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போனாய். நான் பேசி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது, நீ வண்டியின் மேல் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு நின்றாய். உன் தோளைத் தொட்டேன். "அவரு என்னைய வாழ்த்துறாரும்மா, நல்ல வேள சொன்னீங்கன்னு" என்றாய். நீ அழுது நான் பார்த்தது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். பிறகு உள்ளே வந்து, பட்டியலில் என் பங்கையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு வீடு கிடைத்தது. ஒன்றில் ரத்தம் குறைந்த பெண் குழந்தைக்கு இரும்புச் சத்து மருந்தை நிறுத்தியிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு கர்ப்பிணி தன் மாத்திரைகளையே ஒதுக்கி வைத்திருந்தாள். இருவரையும் டாக்டரிடம் திரும்பப் போகவைத்தோம். நாகமலைக் குழந்தையும் தேறிவிட்டது. ஆனால் சாமு, இவர்கள் பொட்டலம் வாங்கியவர்கள். இவர்கள் விலாசம் நம்மிடம் இருந்தது. வாங்காமல் வெறுமனே பார்த்துவிட்டு, நர்ஸம்மாவே சொல்லிவிட்டார் என்று மருந்துப் பாட்டிலை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டவர்கள் யார், எந்த ஊர், எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த முகம் தெரியாத வீடுகள்தான் கண்முன் வருகின்றன. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பாத்திமாவின் பேஜிலும், நான் இருக்கும் எல்லா குரூப்பிலும் போடப்போகிறேன். உன் பெயர் கெட்டுப்போகும் என்று அப்பா தயங்குகிறார். என் பெயரும்தான் இருக்கிறது. படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் அந்தப் பாட்டில் கீழே இறங்கினால் போதும்.

நீ சொன்ன இன்னொரு செய்தியையும் நான் மறக்கவில்லை. சென்னைக் கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டதே அந்த அரை நிமிட வீடியோவைப் பார்த்துத்தான். கவின் கண் திறந்து அம்மா என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் அவர்கள் கடிதம் வந்தது. நீ மனசு கேளாமல் அவர்களுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாய். அதற்காக உன்னை நான் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், செய்யாமல் விட்டுவிட்டேன். அவர்கள் கோபப்படுவார்கள், வேலை போய்விடும் என்று நாம் மூன்று பேரும் எதிர்பார்த்தோம். "அதெல்லாம் நடக்கிறதுதான், ஆனா என்னமா ரீச் ஆயிருக்கு பாருங்க" என்றார்களாம். நீ அதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றாய். வார்டில் பட்ட அதிர்ச்சிக்கு அடுத்தது எனக்கு அதுதான். அங்கே போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. சின்னக் கடைக்காரர்களுக்கு உன் வேலை தேவைதான், பாத்திமாவின் பெண் இன்றைக்குக் கல்லூரியில் இருப்பது அதனால்தான். போ. ஆனால் நீ வெட்டி எடுத்த பகுதியை, அனுப்புவதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை போட்டுக் கேள். அது இல்லாமல் யாருக்காவது ஆபத்து வருமா என்று மட்டும் பார். வரும் என்றால் அந்த வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் போடாதே. உனக்கு மேலே இருப்பவர்கள் போடச் சொன்னால் முடியாது என்று சொல். அதனால் வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து நாம் இருவரும் செல்வி வீட்டுக்குப் போனோமே, அதோடு முடிக்கிறேன். அவளுடைய புருஷன் நமக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். கவின் உன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான், ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து, தானாகவே எழுந்தான். அவன் விழுந்ததும் நாம் மூன்று பேரும் ஒன்றாக எழுந்துவிட்டோம், அவரும் வாசலிலிருந்து ஓடிவந்தார், பிறகு உட்கார்ந்தோம். டாக்டர் மருந்தின் அளவை மாற்றியிருந்தார், இப்போது முன்னைப் போலத் தூக்கம் வருவதில்லை என்று செல்வி சொன்னாள். இதை அப்போதே மாற்றியிருக்கலாம், திரும்பப் போய்க் கேட்டிருந்தால் போதும். நான் பாட்டிலை வாங்கிப் பார்த்து, காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். நான் முடித்ததும் என்னைப் பார்க்காமல் உன் பக்கம் திரும்பி, "தம்பி, அக்கா சொல்ல வேண்டியது அம்புட்டையும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீ, "சொல்லிட்டாங்கக்கா" என்றாய். அவள் அதோடு விடவில்லை. போனை எடுத்து, வார்டுக்குப் போட்டு, அங்கே பணியில் இருந்த நர்ஸிடம் நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லி, சரியா சரியா என்று கேட்டாள். முப்பது வருடம் அதே வேலை பார்த்தவள் நான், அவள் வீட்டு நாற்காலியின் நுனியில், வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள் போல, செல்வி போனை வைத்துவிட்டு, "காப்பி போடட்டுமாக்கா?" என்றாள்.

பத்திரமாகப் போய்ச் சேர். போனதும் போன் போடு.

உன் அம்மா